கீழக்காட்டு மூன்று ஏக்கர்

"...ஆகவே தம்பிகளே, வேலை தேடாதீங்கோ, வேலை குடுங்கோ! மண்ணு உங்களைக் கூப்பிடறது. இந்த மும்பையில அப்படி என்ன இருக்கு?"

கேட்டவர் கல்யாணராமன் சார். கேட்ட இடம் மாட்டுங்காவில் ஒரு ஏசி ஹால்.

போன ஞாயிறு எங்கள் சங்கத்தில் கூட்டம். தலைப்பு – 'கிராமப்புற இளைஞர்களுக்கு விவசாயத்தில் சுயதொழில்'. கல்யாணராமன் சார் பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். நாற்பது வருட மும்பைவாசி. விவசாய அனுபவம்? பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி. அதற்கும் தண்ணீர் ஊற்றுவது வீட்டு வேலைக்கு வரும் அம்மாள்.

கூட்டத்துக்கு வந்த கிராமப்புற இளைஞர்கள் எத்தனை பேர்? ஒருவர். மீதி முப்பது பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். சுயதொழில் தொடங்க இதைவிட நல்ல வயசு ஏது!

அந்த ஒருவன் பெயர் இசக்கி. பேச்சு முடிந்து நானும் கல்யாணராமன் சாரும் போண்டா தட்டோடு நின்றபோது சாரின் பக்கத்தில் வந்தான்.

"சார், நான் ஒங்க ஊருதான். விவசாய டிப்ளமா முடிச்சிருக்கேன். காய்கறி நாத்து வளக்க ட்ரெயினிங்கும் எடுத்தாச்சு. பேங்க்ல லோன் தாரோம்னு சொல்லுதாங்க. ஆனா அஞ்சு வருசத்துக்குக் குத்தகைப் பத்திரம் கேக்காங்க. கீழக்காட்டுல ஒங்க மூணு ஏக்கர் கெணத்தோட சும்மா கெடக்கு, பூராவும் கருவேலம். ஃபோன்ல பத்துத் தடவ கூப்பிட்டேன், எடுக்கல. அதான் நேர்லயே வந்துட்டேன். தாராவியில மாமா வீட்ல தங்கியிருக்கேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான். "இன்னைக்கு நீங்க பேசுனதக் கேட்டதும் பாதி வேல முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன் சார்."

சாரின் போண்டா வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"ரொம்ப சந்தோஷம்ப்பா. ஆனா, குத்தகைன்னா... குடுத்தா திரும்பி வருமோ? டோம்பிவிலியில ஒரு ஃப்ளாட் வாடகைக்கு விட்டிருக்கேன். பதினோரு மாச அக்ரிமென்ட், முடிஞ்சா காலி. அந்த மாதிரின்னா யோசிக்கலாம்."

"பதினோரு மாசத்துல நெழல்வலைப் பந்தலையும் நாத்தையும் தலையில வச்சுக்கிட்டு நான் எங்க சார் போவேன்? கடன் அடையவே அஞ்சு வருசம் ஆகும்லா!"

நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அவன் தொழிலே அந்தப் பத்திரத்தில் அல்லவா தொங்குகிறது!

நான் குடியிருக்கும் சுனாபட்டியில் சலூன்காரர் ஒருவர் சொல்வார்: "ஊர்ல கெடக்க நெலம் பீரோல இருக்க பட்டுச்சேலை மாதிரி அண்ணாச்சி. கட்டவும் மாட்டோம், யாருக்கும் குடுக்கவும் மாட்டோம். இருக்கான்னு அப்பப்ப தொட்டு மட்டும் பாத்துக்கிடுவோம்."

இசக்கி என் பக்கம் திரும்பினான். "சாருக்கும் அங்கன நெலம் உண்டாமே?"

எனக்கும் அதே ஊர்தான், ஒரு ஏக்கர் இருக்கிறது. "பங்காளித் தகராறு தம்பி" என்றேன். என் பங்காளி பரம சாது. ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். தகராறு செய்ய அவனுக்கு நேரமே கிடையாது!

யோசித்துப் பாருங்கள். பயிற்சி தர ஆள் இருக்கிறது. சர்டிஃபிகேட் உண்டு. லோன் உண்டு. மைக் பிடித்து ஊக்கம் தர எங்களைப் போல் எத்தனையோ பேர் உண்டு. கேட்டால் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான் – மண். மண் கூப்பிடுகிறதாம்... மண்ணின் சொந்தக்காரர்தான் ஃபோனை எடுப்பதில்லை.

சார் அவன் தோளைத் தட்டினார். "பாக்கலாம்ப்பா. அமெரிக்காவுல பையன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். ஊருக்கு வரச்சே பேசிக்கலாம்."

"எப்ப சார் வருவீங்க? ஆடிக்கு முன்னாடி பந்தல் போட்டாத்தான் இந்த வருசம் நாத்து விட முடியும்."

"வரேன், வரேன்."

இசக்கி கூட்ட அழைப்பிதழ் இரண்டின் பின்பக்கம் தன் நம்பரை எழுதி, சாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தான். இருவருக்கும் கும்பிடு போட்டான். நாளைக்கு ரயில் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவன் கேட்டைத் தாண்டும்வரை சார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஃபோனை எடுத்து ஊரில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், கீழக்காட்டு நெலத்துல யாரோ கண்ணு வெச்சுட்டா. நாளைக்கே நாலு ஆளை விட்டு, சுத்திக் கம்பி வேலி போட்டுடு!"