எதிர் பூத்திலிருந்து வேதாச்சலம்

ஆபீஸிலிருந்து திரும்பும் வேதாச்சலம் நேரே மாடியேற மாட்டார். கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் கௌசிக்தாவின் டெலிபோன் பூத்துக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார். "ஹலோ, சுந்தரியா? சாப்பிட்டியாம்மா? இடுப்பு வலி தேவலையா?" சுந்தரி அவர் மனைவி. இருப்பது எதிரே மூன்றாம் மாடியில். பூத்திலிருந்து பார்த்தால் பால்கனியில் அந்த அம்மாள் காயப்போட்ட புடவை தெரியும்.

அவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் ஊர் ஊராக மாற்றல். மாமியாரைப் பார்த்துக்கொண்டு மனைவி திருச்சியில் இருந்தார். குடும்பம் நடந்ததெல்லாம் எஸ்.டி.டி.யில்தான். ஒருவழியாக மனைவியை இங்கே அழைத்து வந்த பிறகுதான் வினை தெரிந்தது. "மூஞ்சியப் பார்த்தா வார்த்தை தொண்டையிலயே நின்னுடுது சார்" என்பார். வீட்டுக்குள் வந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டைதான். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் காட்டுவார்.

போனில் அவர் குழைவதைப் பாஷை புரியாமலே ரசிப்பார் கௌசிக்தா. "பிரேம் கொர்ச்சேன், தாதா!" என்று என்னிடம் கண்ணடிப்பார். ஐம்பது வயதுக்காரர் காதல் செய்கிறாராம். அந்த அம்மாளும் லேசுப்பட்டவரில்லை. அந்த நேரத்துக்கு முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூற்றொன்பது மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஏரியா முழுக்கப் போன் செத்துவிட்டது. வேதாச்சலம் லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தார். ஒருநாள் சுந்தரி அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார்.

"ஒரு வாரமா எங்கூடப் பேசவே இல்லைங்க. இப்படியே நின்னுபோயிடுமோன்னு பயமா இருக்கு. பெட்டி கட்டிட்டேன். திருச்சிக்கே போயிடறேன். அங்க போன் வேலை செய்யும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "சம்சாரம் ஊருக்குக் கிளம்பறாங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுமய்யா!" என்று கத்தினேன்.

வேதாச்சலம் பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். கல்நெஞ்சக்காரர், ஓடியே போய்விட்டார் என்று நினைத்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"ஹலோ... சுந்தரியா? போகாதேம்மா. நீ இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது."

அம்மாள் ஓடினார். கதவைத் திறக்கப் போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து, கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "நான்தாங்க பேசறேன்" என்றார்.