உண்மை சொன்னால் அடி இல்லை

வாத்தியார் வேலையில் பயப்படுவது பிள்ளைகள்தாம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் வாத்தியார்களான உங்களுக்கு நிஜம் தெரியும். ஹெட்மாஸ்டரிடம் பயம், இன்ஸ்பெக்டரிடம் பயம், பெற்றோரிடம் பயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்த நான், இவை போதாதென்று இன்னொரு பயத்தையும் நானே வரவழைத்துக்கொண்டேன்.

மைப்புட்டி

நீதிபோதனை வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன்: தப்புச் செய்தவர் தானாக வந்து உண்மையைச் சொன்னால் அடி இல்லை, பொய் சொன்னால் இரண்டு அடி. மறுநாளே என் மேஜைமேல் மை கொட்டிக் கிடந்தது. பட்டினப்பாக்கத்து மீன்காரியின் மகள் ரோஸம்மா எழுந்து, "நான்தான் சார்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. "இன்னா சார், நெசம் சொன்னா அடி கெடையாதுன்னா, நாளைக்கும் கொட்டலாமா?"

மூன்றாவது பாட்டு

மாடவீதி வக்கீல் ஒருவர் கைத்தடியோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர் மகன் வைத்தி என் வகுப்பு. அதற்கு முதல் நாள் அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பெண் இரண்டு பாட்டுப் பாடியதும், "இன்னொன்று பாடேன்" என்றாராம் மாப்பிள்ளையின் தகப்பனார். "அத்தைக்கு இந்த ரெண்டுதான் தெரியும், மாமா" என்று சபையில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறான் வைத்தி. வந்தவர்கள் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் போய்விட்டார்களாம்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீல் கத்தவில்லை; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "உண்மையெல்லாம் பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்கோங்கோ வாத்தியாரே. ஆத்துக்கு அனுப்பாதீங்கோ."

இரவல் பிள்ளைகள்

எங்கள் ரிஜிஸ்தரில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது; சர்க்கார் உதவிப் பணம் தலைக்கணக்கில்தானே வரும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ராயப்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒன்பது பிள்ளைகளை இரவல் வாங்கி, வராதவர்களின் பெயரைச் சொல்லி உட்காரவைப்போம். அங்கே பரிசோதனை வந்தால் எங்கள் பிள்ளைகள் போவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அந்த வருஷம் என் பிள்ளைகள் உண்மை பேசப் பழகியிருந்தார்கள். வீட்டில் மனைவி நிறைமாதம். வேலை போனால் எங்கே போவேன்?

ஹெட்மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நேரே என் வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார்: "இதுகள் வாயைத் திறந்தா எனக்கு ஒண்ணுமில்லே. ரிஜிஸ்தர் எழுதினது நீர். வேலை போறதும் உமக்குத்தான்."

இன்ஸ்பெக்டர்

வந்தவர் ரோஸம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே, வராத தேவகியின் பெயரில் ஒரு ராயப்பேட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். "இந்தக் குழந்தையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே" என்றார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் ரோஸம்மாவிடம் திரும்பி, "இவள் பேர் என்ன? உண்மையைச் சொல்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாலேயே அவளைக் கெஞ்சினேன். "தேவகி சார். தெனம் என் பக்கத்துலதான் குந்திக்கினு இருப்பா" என்றாள்.

போகும்போது இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். "நீதிபோதனை நன்றாக நடக்கிறது, வாத்தியாரே."

நீட்டிய கை

சாயங்கால மணி அடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். உயிர் திரும்பி வந்தவனாக நாற்காலியில் சாய்ந்தேன். ரோஸம்மா மட்டும் மேஜைக்கு முன்னால் வந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, இன்ஸ்பெக்டர் எதிரில்கூட அவ்வளவு பயந்ததில்லை. பிரம்பைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"பொய் சொன்னா ரெண்டு அடின்னு நீங்கதானே சார் சொன்னீங்கோ? சீக்கிரம் அடிங்கோ சார், எங்கம்மா தேடும்."

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் சகோதரர்களே, ஜாக்கிரதை, அவர்கள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.