சால்வைக் காலர்

மனைவி காய்ச்சலில் போன பிறகு கீழே ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடிமலை உச்சியில், மலை ரயில் நிலையத்தில் குமாஸ்தா வேலை காலியாக இருக்கிறது, தங்க அறையும் உண்டு என்றார்கள். யோசிக்காமல் சரி என்றேன். மேலே கொஞ்சம் குளிரும் என்றும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் மழை மாதத்தில் அங்கே படுத்துப் பார்த்தவர் இல்லை.

பகலில் ஆள் நடமாட்டம் உண்டு. காற்று வாங்க வரும் வெள்ளைக்காரர்கள், பங்களா வைத்திருந்த சீன முதலாளிகள், அவர்களுடைய சமையற்காரர்கள். கீழே இறங்க வேண்டும் என்றால்தான் என் ஜன்னலுக்கு வருவார்கள். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, கதவோரம் நிற்காதீர்கள் என்று தமிழ் அல்லாத மூன்று பாஷைகளில் சொல்வேன். அதோடு என் பேச்சு தீர்ந்தது. சாயங்காலம் மூடுபனி தண்டவாளத்தை மூடிய பிறகு நான் பேசியதெல்லாம் தேநீர்க் கெட்டிலோடுதான். அதுவாவது பதிலுக்கு ஏதோ முனகும்.

இருமல் பிடித்தது. நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிப் போடு என்றார் டாக்டர். மாத லீவில் கீழே இறங்கி ஜவுளிக்கடைகளில் கேட்டேன். வேர்த்து ஊற்றும் ஜார்ஜ் டவுனில் கம்பளி கேட்பவனைக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "என்னாங்க, சீமைக்குக் கப்பல் ஏறப் போறீங்களா?" என்றார் ஒருவர். சூலியா தெருச் சந்தில் ஒரு பாய் கடை இருக்கிறது, அங்கே போங்கள் என்று அவர்தான் வழி சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் துரைமார் வீட்டுச் சாமான்கள் லேலோங்குக்கு வரும். அப்படி ஏலத்தில் எடுத்த துணிமணிகளைத் தட்டி, காயவைத்து விற்பவர் அந்த பாய். கடை முழுக்க அந்துருண்டை வாடை. குறை சொல்லாமல் எனக்கு எந்தப் பொருளும் கைக்கு ஏறாது. என் மனைவியே என்னைப் பார்த்து, பெண் பார்க்க வந்த அன்று என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். முதல் சட்டையில் பூச்சி அரித்திருந்தது. இரண்டாவதில் முழங்கை தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. மூன்றாவதின் பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தன, அதாவது துரைசானியுடையது.

"அண்ணே, குளிருக்குச் சட்டை வேணுமா, மாப்பிள்ளைச் சட்டை வேணுமா?" என்று பாய் பெருமூச்சு விட்டார். பிறகு உள்ளே போய், செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்றைக் கொண்டுவந்தார்.

பாக்கு நிறம். பழுப்புத் தோல் பொத்தான்கள். மணிக்கட்டுப் பட்டையை இழுத்து விட்டேன், உடனே பழைய அளவுக்குச் சுருங்கிக்கொண்டது. காலர் வெட்டி ஒட்டியதல்ல. மார்பில் தொடங்கி, பிடரியைச் சுற்றி, மறுபக்கம் மார்புக்கு இறங்கும்வரை தடிமனாகப் பின்னி மடித்திருந்தது. குறை தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கே சற்று எரிச்சலாக இருந்தது.

"சால்வைக் காலர்ன்னு பேரு இதுக்கு" என்று சொன்ன பாய், என் பின்னால் வந்து நின்று அதைத் தோளில் போட்டுவிட்டார். கைகளை நுழைத்துக்கொண்டேன். அவர் முன்னால் வந்து, இரண்டு கைகளாலும் காலரைப் பிடரியில் ஏற்றி, நெஞ்சுவரை நீவிச் சரிசெய்தார். "சால்வை போத்தியாச்சு லா. இனி மாலைதான் பாக்கி."

நான் சிரிக்க வாயெடுத்தேன், முடியவில்லை. ஆபீசுக்குக் கிளம்பும்போது கழுத்துப்பட்டையைச் சரிசெய்து அனுப்புகிறவள் போனதிலிருந்து என்னை ஒரு மனிதக் கை தொடவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. பாய் என் முகத்தைப் பார்த்தார். விலை பேசாமல் டீ வரவழைத்தார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பது நினைவில்லை, தமிழில் பேசினோம் என்பது மட்டும் இருக்கிறது.

இருமல் நின்றது. ஆனால் நல்ல சட்டையில் ஒரு தொல்லை உண்டு. அது கிழியவே மாட்டேன் என்றது. இழை பிரியவில்லை, பை தொங்கவில்லை. அடுத்த லீவில் என்ன சாக்கு வைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போவது? சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க எனக்கு வாய் வராது. என் வீம்பு அப்படி. லீவுக்கு முதல்நாள் சவர பிளேடை எடுத்து ஒரு பொத்தானை அறுத்தேன்.

"பொத்தான் விழுந்துருச்சு பாய்."

அவர் சட்டையை வாங்கி, அறுந்த நூலின் நுனியை விரலில் தடவிப் பார்த்தார். டீ வந்தது. பேசிக்கொண்டே தைத்தார். நான் கிளம்பும் நேரம்வரை தைத்தார். பிறகு எழுந்து, போன தடவை போலவே போட்டுவிட்டு, காலரை நீவிவிட்டார்.

"இந்த ஒரு பொத்தான் ரொம்ப நாள் நிக்காது அண்ணே."

"ஏன் பாய், உங்க தையல் அவ்வளவுதானா?"

"என் தையல் நிக்கும் லா. இதை நிக்காத மாதிரி தச்சிருக்கேன். அடுத்த லீவுக்குள்ள தானா விழுந்துரும், எடுத்துக்கிட்டு வாங்க. பிளேடு மட்டும் வைக்காதீங்க, கம்பளியில பட்டா ஓட்டையாயிரும்."

காது இரண்டும் சுட்டன. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். மலை ரயில் பாதிவழி ஏறி மூடுபனிக்குள் நுழைந்ததும் எனக்கு அழுகை வந்தது. பெட்டியில் வேறு யாரும் இல்லாததால் அழுதேன்.

அடுத்த லீவுவரை தாங்கும் என்று பாய் கணக்குப் போட்டிருந்தார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஜன்னலில் உட்கார்ந்து அந்தப் பொத்தானைப் போட்டும் கழற்றியும், போட்டும் கழற்றியும், அடுத்த வாரமே விழவைத்தேன்.