ஒரு வரி மேலே

எழுபத்தேழாம் ஆண்டு, பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மெல்பேர்னிலிருந்து பஸ்ஸில் மூன்றரை மணித்தியாலம் போய், மறே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் ஊரில் இது நடந்தது. அந்த நாளில் எங்கள் மாநிலத்தில் சூதாட்ட மிசின் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உண்டு. அதனால் கிழமைக்குக் கிழமை பஸ் பஸ்ஸாகச் சனம் போகும். மத்தியானச் சாப்பாடும் டிக்கெட்டோடு சேர்த்தி.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஸ்பிரிங்வேலில் எங்கள் முதியோர் கூட்டத்தில் ஒரு கசினோ நகரத்துக்குச் சுற்றுலா போவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. "அன்ரி, நீங்கள் அந்தக் காலத்திலயே இப்பிடி இடத்துக்குப் போன ஆள். காசைச் செலவழிச்சுப் போய்ப் பாக்கிற அளவுக்கு ஏதும் இருக்கோ?" என்று என்னிடம் கேட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் என்னால் சொல்ல முடியவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வந்தால் கூட வேலை செய்கிற பெண்கள் அந்த ஊர்ப் பயணத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். ஒருநாள் ஒருத்தி என்னைப் பார்த்து, நீ வீட்டையும் தையல் மிசினையும் தவிர என்னத்தைக் கண்டாய் என்று கேட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற பிறவி இல்லை நான். அன்றைக்கே அவரிடம் சொன்னேன். அவர் என்றால் என் கணவர்.

"அங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு? இரும்புப் பெட்டியளோ?" என்றார்.

"இரும்போ பொன்னோ, நான் பாக்கவேணும்."

"சரி, மகாராணி சொன்னாப் பிறகு அப்பீல் இல்லை" என்று சொல்லி, போகிற அன்று கல்யாணக் கோட்டை எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டார்.

கிளப் வாசலில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. வெளியூரார் அதில் பெயர் எழுதினால்தான் உள்ளே விடுவார்கள். அவர் தன் பெயரை எழுதிவிட்டு, அடுத்த வரியில் என் பெயரையும் எழுதப் போனார். "தாங்கோ இஞ்ச, எனக்குக் கையில்லையோ?" என்று பேனையை வாங்கி, தமிழில் என் முழுப் பெயரையும் எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடித்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் அந்த வெள்ளைக்காரச் சனத்தைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்கோ, மகாராணி கையெழுத்து வைக்கிறா" என்று தமிழிலேயே சொன்னார். யாருக்கும் விளங்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். அவர் விட்ட பகிடியில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மிசினில் ஒரு பிடி இருக்கும். இழுத்தால் உள்ளே பழங்களின் படம் சுழலும். நாலைந்து இழுப்பிலேயே எனக்குச் சில்லறை கொட்டியது. அவ்வளவுதான், கதிரையோடு ஒட்டிப்போனேன். சாப்பாட்டு நேரத்திலும் எழும்பவில்லை. எழும்பினால் வேறு ஆள் வந்து இருந்துவிடும். அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு சாண்ட்விச்சைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இஞ்சரும், கை ஒரு மாதிரி விறைக்குது. வெளியில போய்க் காத்து வாங்குவம், வாரும்."

"நீங்கள் போங்கோ. இது இப்ப தரப்போகுது."

"தலையும் சுத்துற மாதிரிக் கிடக்கு."

"பஸ்ஸில வந்த அலுப்பு. போய் இருங்கோ, வாறன்."

இவ்வளவையும் மிசினைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கையிலிருந்த சில்லறை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருந்தது. சாண்ட்விச் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. மண்டபம் முழுக்கத் தேடினேன். "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று வரிசை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். அது ஒருவரைக் கூப்பிடுகிற சொல் என்றுகூட அங்கே எவருக்கும் தெரியாது. ஒருவரும் பிடியை விட்டுக் கையை எடுக்கவில்லை. அரை நாளாக நானும் அப்படித்தானே இருந்தேன்.

வாசல் மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். அவளிடம் ஒலிபெருக்கி இருந்தது. "மை ஹஸ்பண்ட்" என்றேன். "நேம்?" என்றாள். அந்தச் சொல் எனக்கு விளங்கும். ஆனால் வாய் திறக்கவில்லை.

பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்று என்னை வளர்த்திருந்தார்கள். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அவரே சொல்லுவார். அவள் திரும்பவும் "ஹிஸ் நேம், லவ்?" என்று பரிவாகக் கேட்டாள். நான் ஒரு சின்னப் பிள்ளையைப் போல நின்றேன். தலைக்கு மேலே மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

பிறகுதான் அந்தப் புத்தகம் கண்ணில் பட்டது. இழுத்து ஒற்றைகளைப் புரட்டினேன். எல்லாம் இங்கிலீஷ், எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. நடுவில் என் தமிழ் எழுத்து மட்டும் தனியாகத் தெரிந்தது. அதற்கு ஒரு வரி மேலே விரலை வைத்தேன்.

அவள் அந்தப் பெயரைத் தனக்கு வந்த மாதிரி ஒலிபெருக்கியில் சொன்னாள். எவரும் வரவில்லை. அவளே எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆற்றைப் பார்த்துப் போட்டிருந்த வாங்கில் அவர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. அவரைத் தாண்டி எத்தனையோ பேர் போயிருப்பார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் பஸ் போய்விட்டது. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தாள். அவருடைய கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். தாதி அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் சொன்னது அவருக்குத் தன் பெயராகவே பட்டிருக்காது. கண் அசையவில்லை. என்னைப் பார்த்து, நீ கூப்பிடு என்று கையைக் காட்டினாள். குனிந்து அவர் காதுக்குள் சொன்னேன், முதல்முறையாக.

கண்ணைத் திறந்தார். யார் கூப்பிட்டது என்று தேடுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். வலது பக்கம் வரவேயில்லை, பேச்சும் வரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தார். தினமும் காலையில் பெயர் சொல்லித்தான் எழுப்பினேன். மகாராணி என்று திருப்பிச் சொல்ல அவருக்கு வாயில்லை.

முதியோர் கூட்டத்தாருக்கு என் பதில் இதுதான். போய் வாருங்கள், அப்படியான ஊர்கள் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். நான் வரவில்லை. ஆனால் சோடியாகப் போகிறவர்கள் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிகிற மாதிரி இருங்கள். இன்றைக்கும் யாராவது பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் கீழே வைத்துவிட்டு முதலில் அவர்களுடைய முகத்தைத்தான் பார்க்கிறேன்; அன்றைக்கு அவருக்குக் கொடுக்காத அந்த ஒரு பார்வையை, இத்தனை வருடமாக ஊராருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.