ஒரு சதவீதக் கை

கேன்டீன் மேசையில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் ஐந்து விரல்களையும் ஒட்டச் சேர்த்து, கறைக்கு மேலே உள்ளங்கையை ஒரு முறை காட்டினாள், நகர்த்தி மறுமுறை காட்டினாள், மிச்சத்துக்குப் பாதிக் கையைக் காட்டினாள். “ரெண்டரை பர்சென்ட்” என்றாள். துடைக்க வந்த அம்மாள் துணியும் கையுமாக நின்றுவிட்டார்.

“எதுல ரெண்டரை?”

“இந்த மேசை ஒரு ஆளா இருந்தா, அதுல.”

நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. தீக்காய வார்டில் ஒரு மாதப் பயிற்சி. வெள்ளைக் கோட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்துத்தான் போட முடியும். இருப்பதிலேயே சிறிய கையுறையும் அவள் விரல் நுனிகளில் தொளதொளவென்று தொங்கும். கோட்டுப் பையில் கட்டுத்துணி உருளை இரண்டு, பாதி தின்ற பிஸ்கட் ஒன்று. அவள் வீட்டு நாற்காலிக்கு நான்கு கால்களிலும் கட்டு. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் கண்ணயர்ந்த அப்பாவின் முழங்கைக்கும் ஒரு கட்டுப் போட்டுப் பார்த்தாள். எழுந்தவர், “எனக்கு என்னடி ஆச்சு?” என்று போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தார். வந்த வேகத்தில் திரும்பி ஓடி, சூடான பாத்திரத்தைத் தொட்டு, விரலில் பற்பசையைத் தடவிக்கொண்டார். “பேஸ்ட் பல்லுக்கும்மா!” என்று கத்தி, அம்மாவின் விரலைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள். குழம்பு தீய்ந்தது. அதற்கும் திட்டு அவளுக்குத்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களின் உள்ளங்கையை உற்றுப் பார்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். ஒரு நாள் ஓர் அக்கா, ரேகை பார்க்கத் தெரிந்த பெண் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார்.

“நல்லாப் பாத்து சொல்லும்மா. எப்படி இருக்கு?”

இவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, திருப்பிப் பார்த்து, “ஒரு பர்சென்ட்தான்க்கா” என்றாள். அக்கா அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனார்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதை வேறு. பயிற்சியின் முதல் வாரம், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து பேக்கரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். இடது தோளிலிருந்து வயிறு வரை வெந்திருந்தது. ஆள் மலை மாதிரி. கை ஒவ்வொன்றும் முறம். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று பெரிய டாக்டர் கேட்டார். இவள் காயத்தின் மேலே கையைக் காட்டிக் காட்டி எண்ணி, “பதினாறு பர்சென்ட் சார், ட்ரிப் ஏத்தணும்” என்று கம்பீரமாகச் சொன்னாள்.

“யார் கையால அளந்த?”

“என் கையாலதான் சார்.”

வார்டே சிரித்தது. ஒருவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவரவர் உடம்பில்தான் ஏறக்குறைய ஒரு சதவீதம். நோயாளியின் கையைக் கொண்டு அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பத்துதான் வந்தது. பதினைந்தை எட்டினால்தான் ட்ரிப்; அவருக்குத் தேவைப்படவில்லை. அன்றைக்கே அவளுக்குப் ‘பர்சென்ட்’ என்று பெயர் விழுந்தது. பேக்கரிக்காரர் அதோடு விடவில்லை.

“அந்தப் பொண்ணு மட்டும் எனக்கு வேணாம் சிஸ்டர். சட்டைக்கு அளவெடுடான்னா தன் உடம்பையே அளந்துட்டு வர்ற ஆளு அது.”

அவள் துணி அடுக்கும் அறைக்குள் போய் ஐந்து நிமிடம் அழுதாள். வெளியே வரும்போது, முகக்கவசத்தில் நனைந்த இடத்தின் மேல் அவள் கை தானாகப் போயிற்று என்று துப்புரவு அக்கா சத்தியம் செய்கிறார்.

அழுகை வெறும் மானப் பிரச்சினைக்காக அல்ல. பயிற்சி ஏட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஒரு நோயாளி சம்மதித்து, அவருக்கு முழுக் கட்டையும் தனியாக மாற்றி, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தையும் ஜூனியர்களோடு மறுபடி செய்ய வேண்டும். கூடப் படிப்பவர்கள் கெட்டிக்காரர்கள். சாதுவான நோயாளிகளையெல்லாம் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடைசி நாளான வெள்ளிக்கிழமை, மிச்சம் இருந்தது பேக்கரிக்காரர்தான்.

அவருக்குப் புதன்கிழமை கட்டு மாற்றியவன் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயரெடுத்த மாணவன். “வலிக்கவே வலிக்காதுண்ணே” என்று சொல்லிக்கொண்டே, காய்ந்து ஒட்டிய துணியைச் சரக்கென்று உரித்தான். பேக்கரிக்காரர் போட்ட அலறலில் லிஃப்ட்காரர் தவறான மாடியில் கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவள் உப்புநீர்ப் பாட்டிலோடு கட்டிலருகே போய் நின்றாள்.

“அண்ணே, நான் செய்யட்டுமா?”

“வலிக்குமா?”

“வலிக்கும்ணே. தாங்கலன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எவ்வளவு நேரம் ஊற வைப்ப?”

“துணி தானா விடுற வரைக்கும்.”

“ம். ரொட்டி கூட அப்படித்தான். ஆறுறதுக்கு முன்னாடி அச்சுலேருந்து பிடுங்கினா பிஞ்சு வரும். அந்தப் பயலுக்கு அது தெரியல.” பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, “சரி, இதுவே பண்ணட்டும். எதுக்கும் நீங்க பக்கத்துலயே நில்லுங்க” என்றார்.

அவள் ஊற்றினாள், காத்திருந்தாள், மறுபடி ஊற்றினாள். வாய் ஓயாத பெண் நாற்பது நிமிடம் பேசவில்லை. அது வார்டு கண்ட முதல் அதிசயம். அவர் இரண்டு தடவை கையைத் தூக்கினார். இரண்டு தடவையும் அவள் தன் கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்தினாள். இரண்டாவது தடவை அவர் வேண்டுமென்றே சோதித்தார் என்று பக்கத்துக் கட்டில்காரர் பிற்பாடு சொன்னார். கடைசி அடுக்கு தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஓரம் கட்டியிருந்தது. பார்த்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். “ஆறாம இன்னும் எவ்வளவு இருக்கு? சொல்லு, எழுதணும்.”

தொளதொளத்த கையுறைக்குள் அவள் விரல்கள் மடங்கிக்கொண்டன. வார்டில் எல்லாருடைய கண்ணும் அவள் கை மேல் இருந்தது.

பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து தன் வலது கையை உருவி எடுத்து, ஐந்து விரல்களையும் ஒட்டச் சேர்த்து, புண்ணில் படாமல் ஒரு சாண் உயரத்தில் அசையாமல் பிடித்தார்.