கோடு இருந்த இடம்

கல்யாணி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் சலவைக்கடையில் ஹோட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய கணவர் ரவி அண்ணன் போனில், "அக்கா போயிட்டாம்மா" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் அழுதேன்.

எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்காவை அறியாதவர் இல்லை. சர்க்கரை நோய் அவர் பார்வையைப் பறித்ததும், அதன் பிறகு அவர் ஓடத் தொடங்கியதும் அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். பார்வை இல்லாதவர் ஓடும்போது துணைக்கு ஒருவர் கூட ஓட வேண்டும். இருவர் மணிக்கட்டையும் ஒரு குட்டைக் கயிறு இணைக்கும். துணைக்கு ஓடுபவர் இழுக்கக் கூடாது; வழியை வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டு, கடையில்கூடக் கைகாட்டிப் பொருள் வாங்கும் என்னை அவர் ஏன் அழைத்தார் என்று பலர் கேட்டார்கள். காலை நேரத்தில் வேலை இல்லாமல் இருந்தவள் நான்தான்.

முதல் நாள் ஜெலுத்தோங் கடலோரப் பாதையில் ஒரு பள்ளம் வந்தது. சொல்லக் கூச்சப்பட்டுக் கயிற்றை இழுத்தேன். அக்கா நின்றுவிட்டார்.

"ஏம்மா, நான் என்ன மாடா? வாயத் தொறந்து சொல்லு லா."

முணுமுணுத்தேன். "மீனுக்கா சொல்ற? எனக்குச் சொல்லு" என்றார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சீனர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து பள்ளம், மேடு, நாய், சைக்கிள் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். ஒருநாள் கடல் அழகாக இருக்கிறது என்றேன். "அழக நான் சேத்துக்கிறேன். நீ இருக்கிறதச் சொல்லு" என்றார்.

பிறகு சிறுநீரகமும் கெடத் தொடங்கியது. ரத்தச் சுத்திகரிப்பை விரைவில் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முன் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மெதுவாகப் போகலாம், முடியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்று சொல்லி டாக்டர் சம்மதித்தார்.

ஓட்டத்தன்று பாதித் தூரத்திலேயே அக்காவின் கால்கள் வீங்கிவிட்டன. நடந்தோம். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. ஓட்டுநர் மலாயில் அன்பாகத்தான் கூப்பிட்டார். வேனில் ஏறுவதென்றால் வீட்டு வாசலிலேயே ஏறியிருப்பேனே என்று அக்கா அவரிடம் சிரித்தார். வேன் எங்களைக் கடந்து போனது.

ஓட்டம் முடியும் இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கலைந்திருந்தார்கள். அலங்கார வளைவைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாது. முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, முடிவுக் கோடு வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்று சொல்லி நானே கைதட்டியிருக்கலாம்.

"கழட்டிட்டாங்கக்கா" என்றேன்.

அக்கா கேட்டார்:

"எங்க இருந்துச்சு?"

தாரில், கோடாக ஒட்டியிருந்த நாடாவின் பசை தெரிந்தது. அதற்கு நேராக அவரை நிறுத்தினேன். ஓடுபவருக்கு முன்னால் துணை தாண்டக் கூடாது என்பது விதி. ஓர் அடி பின்வாங்கினேன். அக்கா தாண்டினார். அந்த நேரம் பார்த்து லாரி ஹாரன் அடித்தது. நமக்காகத்தான் அடிக்கிறான் என்றார் அக்கா. ஓரமாகப் போகச் சொல்லி அடிக்கிறார் என்றேன்.

"தெரியும் லா. இருக்கட்டும்."

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். முகம் தெளிவாகிவிட்டது, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா என் கையைத் தேடிப் பிடித்து, "நீ சொல்லு" என்றார். முகம் வீங்கியிருக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது என்று சொன்னேன். என் குரல் நடுங்கியது, ஆனால் முணுமுணுக்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, ரவி அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அன்று மாலை முழுவதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

பதக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கயிறு ரவி அண்ணனிடம் இருக்கிறது. அது அவரிடமே இருக்கட்டும். அத்தனை பேர் வந்து போன பிறகு அக்கா என்னிடம் கேட்டாரே, "நீ சொல்லு" என்று, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.