மணல்தொட்டிக்கு முறைத் தண்ணீர்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. போன ஐப்பசியில் ஜப்பானுக்குத் தங்கை வீட்டுக்குப் போயும் அந்தப் பழக்கம் வரவில்லை. அவள் வீட்டுப் பால்கனியில் நடந்து நடந்து மூன்றே நாளில் தரை தேய்ந்திருக்கும்.

"அக்கா, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது. வா, பாப்பாவ வெளில கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

குடவாசல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து படித்து ஜப்பானில் வேலைக்குப் போனவள் அவள். மகளுக்கு நாலு வயது. வீட்டுக்குள் தமிழ் கொட்டும். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. ஏப்ரலில் மழலையர் பள்ளியில் சேர்க்க வேண்டும். "இப்படியே வாய் தெறக்காம இருந்தா என்னக்கா பண்றது?" காய் நறுக்கும்போதும் கேட்டாள், துணி உலர்த்தும்போதும் கேட்டாள்.

போனது ஒரு சிறுவர் மையத்துக்கு. நகராட்சி நடத்துவது. எந்தப் பிள்ளையும் வரலாம், பிள்ளையோடு யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. செருப்பை அடுக்கில் வைத்து நோட்டில் பேர் எழுதிவிட்டு நுழைந்தால், ஒரு பக்கம் படப் புத்தகங்கள், ஒரு பக்கம் மேசைப்பந்து, நடுவில் தவழும் குழந்தைகள், காலை நீட்டிக் கதைபேசும் அம்மாக்கள். சாமி மட்டும் இல்லாத திருவிழா.

பின்முற்றத்தில் நீளமாக ஒரு மணல்தொட்டி. ஒரு முனையில் குழாய். ஏழெட்டுப் பிள்ளைகள் குட்டி வாளியில் மொண்டு கண்ட இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் சட்டையைப் பிடித்திருந்த பாப்பா மணலைக் கண்டதும் பிடியை விட்டாள். ஆனால் யாருமில்லாத மறுமுனையாகப் பார்த்து உட்கார்ந்து ஒரு பள்ளம் தோண்டினாள். அது காய்ந்து கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் கடைசியாய் எட்டும் வயலைப்போல, கடைமடை.

எங்கள் அப்பா ஊர் வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிட்டவர். கடைமடை காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவர் பெண்ணால் முடியுமா? முட்டிபோட்டேன். வாய்க்கால் வெட்டி, இருபுறமும் வரப்பு அணைத்து, குழாயை முழுதாகத் திறந்தேன். பாதி வழியிலேயே மணல் தண்ணீரைக் குடித்துவிட்டது. மணலுக்குக் களிமண் பூச வேண்டும், எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓரத்துப் பாத்தியில் நல்ல கறுப்பு மண் சும்மா கிடந்தது. இரு கையாலும் அள்ளினேன்.

மண்ணோடு ஒரு வெங்காயம் வந்தது.

"வெங்காயமா போட்ருக்காங்க?"

"ஐயோ அக்கா! துலிப் கிழங்கு! பிள்ளைங்க நட்டது!"

ஏப்ரன் கட்டிய பணியாளர் பெண் ஓடிவந்து முதலில் குழாயை மூடினார். தங்கை குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கிழங்கும் கையுமாக நானும் குனிந்தேன். அவர் சொன்னதைத் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "வாளித் தண்ணி மட்டுந்தானாம். மானத்த வாங்காத."

அப்போது மறுமுனையிலிருந்து ஒரு குரல்.

"தண்ணி வரல! என் பள்ளத்துக்குத் தண்ணி வரல! தெறந்து வுடுங்க!"

பாப்பா எழுந்து நின்றிருந்தாள். முழங்கால் வரை மணல், கையில் பிளாஸ்டிக் மண்வெட்டி. அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒளியவில்லை, இன்னொரு முறை கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று பணியாளர் கேட்டார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவழியாகச் சொன்னாள்.

அவர் பாப்பாவைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார். வாளிகள் வரிசை கட்டின. மஞ்சள் தொப்பிச் சிறுமி முதலில் ஊற்றினாள். மணல் குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. பிறகு, போதும் என்று விட்டது. நுரையோடு, முன்னால் ஒரு காய்ந்த இலையைத் தள்ளிக்கொண்டு, மேட்டூர் அணை திறந்து முதல் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருமே, அதே நடை. வந்து பள்ளத்தில் விழுந்தது.

"வந்துடுச்சு!" என்று பாப்பா குதித்தாள். பொருள் தெரியாமலே மஞ்சள் தொப்பியும் "வந்துடுச்சு!" என்று கூடவே குதித்தது.

கிழங்கை நானே திருப்பி நட்டேன். சித்திரையில் தங்கை படம் அனுப்பினாள். பூ வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

இப்போது இங்கே குறுவை நடவு. வரப்பில் நின்று, பாப்பாவுக்கு வாய்க்காலைக் காட்டலாமென்று வீடியோவில் கூப்பிட்டேன். அவள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அப்பறமா பேசுறேன். மணல்தொட்டிக்கு எல்லாரும் வந்துருப்பாங்க!"

போனை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

"பாத்தியா?" என்றாள் தங்கை. "இப்ப வாய மூடச் சொல்லி நான் கெஞ்சுறேன்."